ஐந்து கிலோவும் பதின்மூன்று கிலோவும்: பழைய சிறிய தையல் மெஷினில் எதை வாங்கலாம்?

மும்பை செம்பூரில் எங்கள் வீட்டில் சாப்பிடுவது, மகன் பாடம் எழுதுவது, நான் துணி வெட்டுவது எல்லாம் ஒரே மேஜையில்தான். கால் மெஷின் போட இடம் கிடையாது. தைத்து முடித்ததும் தூக்கிப் பரணில் வைத்துவிடக்கூடிய மெஷின்தான் எங்களுக்குச் சரிப்படும். ஆனால் அது உலோகத்தில் செய்த, பழுதுபார்த்துப் பழுதுபார்த்து ஓட்டக்கூடிய பழைய மெஷினாக இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். ஐந்து மாதம் தேடினேன். முலுண்டில் இருக்கும் என் அண்ணியும் கூடவே தேடினார். கடைசியில் இரண்டு பேரும் இரண்டு வேறு மெஷின்களைத் தேர்ந்தெடுத்தோம். இரண்டும் சரியான முடிவுகள் என்றே இன்றும் நினைக்கிறேன்.

புதிதாக விற்கும் கையடக்கப் பிளாஸ்டிக் மெஷின்களைப் பற்றி ஒரு பத்திக்கு மேல் எழுதத் தேவையில்லை. ஒன்று வாங்கிப் பார்த்தேன். தலையணை உறை தைத்தது. ஜீன்ஸின் கீழ் ஓரத்தை மடித்து வைத்தபோது, பக்கத் தையல் சேரும் தடித்த இடத்தில் ஊசி இறங்காமல் மோட்டார் முனகி நின்றுவிட்டது. திறந்து பார்த்த மெக்கானிக், உள்ளே மாற்றிப் போட ஒன்றும் இல்லை என்று மூடிக் கொடுத்துவிட்டார்.

அந்த மெக்கானிக் தாராவி 90 அடி சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் உட்கார்ந்திருப்பவர், திருநெல்வேலிக்காரர். எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறார்கள். பழைய மெஷின் வாங்கப்போகிறேன் என்று சொன்னதும் அவர் சொன்னது இதுதான்: "மேலே இருக்கும் பூ வேலையைப் பார்க்காதே தங்கச்சி, திருப்பிப் போட்டு அடியைப் பார். ஷட்டில் இருக்கிறதா, பாபின் கேஸ் இருக்கிறதா என்று கேள். இரும்பு எங்கேயும் போகாது. தொலைவதெல்லாம் சின்னச் சாமான்தான்." அடிநூலைச் சுற்றிவைப்பது பாபின், அது உட்காரும் கூடு பாபின் கேஸ், அடிநூலை மேல்நூலோடு கோக்கும் பாகம் ஷட்டில்.

ஐந்து மாதத் தேடலில் நான் கற்றதெல்லாம் இந்தப் பேச்சின் விரிவுதான். எழுபது, எண்பது வருடம் பழகிய வார்ப்பிரும்பு உடலில் பெரும்பாலும் எதுவும் உடைந்திருக்காது. இறுகிப்போயிருந்தால் எண்ணெய்க்கு மசியும். ஆனால் விரலளவு ஒரு பாகம் வீடு மாறும்போது தொலைந்திருந்தால், அது மும்பையில் கிடைக்குமா, எத்தனை நாளில், என்ன விலைக்கு என்பதே அந்த மெஷின் தைக்குமா, அலங்காரமாக நிற்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. கீழே வரும் நான்கு மெஷின்களையும் முதலில் இதை வைத்துத்தான் எடைபோட்டேன். எடைபோட்டேன் என்பது உண்மையாகவே. இரண்டை எங்கள் தெருப் பழைய பேப்பர்க்காரரின் தராசில் தூக்கி வைத்துப் பார்த்தோம்.

எல்லோரும் ஆசைப்படுவது சிங்கர் 221. ஃபெதர்வெயிட் என்று பெயர். 1933இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியின்போது அறிமுகமான மெஷின் இது. உடல் அலுமினியம். எடை 11 பவுண்டு, நம் கணக்கில் ஐந்து கிலோ. இடது பக்கத் தட்டு கதவுபோல மேலே மடிந்துகொள்ளும். மடித்தால் ஒரு சிறிய கறுப்புப் பெட்டிக்குள் அடங்கிவிடும். அண்ணி அதை முதன்முதலில் தூக்கிய நிமிடம் எனக்கு மறக்காது. இரண்டு கையையும் தயாராக நீட்டியவர், ஒரே கையால் தூக்கிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்குத் தோள்பட்டையில் பழைய வலி உண்டு.

தையலில் அதற்கு ஈடு சொல்வது கடினம். நேர்த்தையல் மட்டும்தான், ஜிக்ஜாக் கிடையாது. ஆனால் அந்த நேர்த்தையல் அச்சடித்ததுபோல விழும். பின்னால் தைக்கவும் நெம்புகோல் உண்டு. துண்டுத்துணி இணைத்துப் போர்வை தைப்பவர்கள் உலகம் முழுவதும் இதைத் தேடிப் பிடிப்பது சும்மா இல்லை. அண்ணியும் பழைய புடவைகளைக் கொண்டு கோதடி தைப்பவர். முலுண்டில் மராத்தி அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து, வாரம் ஒரு வீடு என்று மாறி மாறி உட்கார்ந்து தைக்கிறார்கள். கையில் தூக்கிக்கொண்டு போகும் மெஷின் அவருக்கு ஆடம்பரம் அல்ல.

ஆனால் மும்பையில் இதை வாங்குகிறவர் மூன்று விஷயங்களை விழிப்பாகப் பார்க்க வேண்டும். முதலாவது மின்சாரம். அமெரிக்காவில் செய்தது அந்த ஊரின் 110 வோல்ட்டுக்கு. நம் வீட்டு 230 வோல்ட்டில் நேராகச் சொருகினால் மோட்டார் எரிந்துபோகும். நடுவில் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைக்க வேண்டும். அதன் எடை சேர்ந்தால், ஐந்து கிலோ மெஷின் என்ற பெருமை பாதி போய்விடும். மோட்டாரிலும் விளக்குப் பக்கத்திலும் உள்ள தகட்டில் வோல்ட் எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் பேரத்தையே ஆரம்பிக்கக் கூடாது. அடித்தட்டில் பொறித்த வரிசை எண்ணும் உதவும். இரண்டு ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் எண்ணில் முதல் எழுத்து 'ஏ' என்றால் அமெரிக்காவின் எலிசபெத் தொழிற்சாலை. 'ஈ' என்றால் ஸ்காட்லாந்தின் கிளைடுபேங்க். ஸ்காட்லாந்து மெஷின்களே நமக்குத் தோதானவை. ஆனாலும் தகட்டில் உள்ள எண்தான் கடைசி வார்த்தை.

இரண்டாவது பாபின் கேஸ். 221க்கு உரிய பாபினும் கேஸும் தனி. நம் தெருமுனைத் தையல் சாமான் கடையில் உள்ள எதுவும் பொருந்தாது. பாபின் கேஸ் இல்லாத 221ஐ 'கொஞ்சம் சாமான் குறைகிறது' என்று விலை குறைத்துத் தருவார்கள். அந்தக் குறைந்த சாமானை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் செலவு, குறைத்த விலையை விழுங்கிவிடும். கேஸ் இருந்தாலும், அதன் விரல்போன்ற நீட்டல் ஊசித்தட்டின் அடியில் உள்ள பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். யாராவது கழற்றித் தவறாக மாட்டியிருந்தால் முதல் சுற்றிலேயே ஊசி முறியும்.

மூன்றாவது வயர். பழைய வயரின் ரப்பர் உறை விரலால் வளைத்தால் பொடிந்து உதிரும். மிதிபெடல் சூடாகும். இதை எலக்ட்ரீஷியனிடம் காட்டி மாற்றாமல் ஒரு நாள்கூட ஓட்டக் கூடாது. இன்னொன்று: இதன் மோட்டாருக்குக் கிரீஸ்தான் போட வேண்டும், எண்ணெய் அல்ல. மோட்டாரில் உள்ள சிறு குழாய்த் துளைகளைப் பார்த்ததும் எண்ணெய் விடத் தோன்றும். அண்ணி பார்த்த முதல் 221 அப்படித்தான் வீணாகியிருந்தது. ஓட்டியதும் புகை நெடி வந்தது.

1951இல் வந்த மெஷின்களில் சிங்கரின் நூற்றாண்டைக் குறிக்கும் நீல ஓரப் பட்டயம், 1851–1951 என்று ஆண்டு போட்டு ஒட்டியிருக்கும். விற்பவர்கள் அதற்குத் தனி விலை சொல்வார்கள். சேகரிப்பவருக்கு அது பொருட்டாக இருக்கலாம். தைப்பவருக்கு அந்தப் பட்டயத்தால் ஒரு தையல்கூடக் கூடுதலாக விழாது.

நான் வாங்கியது சிங்கர் 99கே, கை மெஷின்.

சிங்கரின் 66 என்ற முழு அளவு மெஷினைச் சுருக்கி 1911இல் கொண்டுவந்த முக்கால் அளவு மெஷின் 99. முழு அளவு மெஷினின் அடித்தட்டு 14½ அங்குலம் நீளம். இதற்கு 12 அங்குலத்துக்குச் சற்று மேல். இரண்டு அங்குலம் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். என் மேஜையில் அந்த இரண்டு அங்குலத்தில்தான் மகனின் நோட்டுப் புத்தகம் நுழைகிறது. 'கே' என்பது கில்போவி. கிளைடுபேங்க் நகரில் சிங்கர் தொழிற்சாலை இருந்த இடத்தின் பெயர். தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் அந்த ஊரில் 'சிங்கர்' என்ற பெயரிலேயே ஒரு ரயில் நிலையம் இன்றும் இருக்கிறது. நம் பாட்டிமார் வீட்டு முற்றத்தில் ஓடிய எத்தனையோ கை மெஷின்கள் அந்த ஊரிலிருந்து கப்பலேறி வந்தவை.

இதன் பலம் பாபினில் இருக்கிறது. ஊசிக்கு முன்னால் உள்ள தகட்டைத் தள்ளினால் பாபின் படுத்த நிலையில் கண்ணெதிரே தெரியும். நூல் தீரப்போவது தைக்கும்போதே தெரிந்துவிடும். இந்த 66 வகை பாபின் இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. ஆனால் கடைக்காரர் அவசரத்தில் 15 வகை பாபினை எடுத்துக் கொடுத்துவிடுவார். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். 66 வகையின் இரு பக்கமும் லேசாகப் புடைத்திருக்கும், 15 வகை தட்டையாக இருக்கும். மாற்றிப் போட்டால் நூல் அடியில் குவிந்து மெஷின்மேல் பழி விழும். ஊசிக்கும் கவலை இல்லை. சாதாரண வீட்டு மெஷின் ஊசி, அதாவது தண்டின் ஒரு பக்கம் தட்டையாக உள்ளது, இதற்கும் போதும், 221க்கும் போதும். ஆனால் தட்டைப் பக்கம் எந்தத் திசையில் இருக்க வேண்டும் என்பது மெஷினுக்கு மெஷின் மாறும். 221இல் நூலை வலமிருந்து இடமாகக் கோக்க வேண்டும், 99இல் இடமிருந்து வலமாக. பழைய மெஷின் தையல் விடுகிறது என்று கைவிட்டவர்களில் பாதிப் பேர் ஊசியைத் திருப்பிப் போட்டவர்களாக இருப்பார்கள் என்று அண்ணாச்சி சொல்வார்.

வாங்கி வந்த அன்று இரவு பாபின் கேஸைக் கழற்றினேன். அடியில் பழுப்பும் கறுப்புமாக, கட்டெறும்பு அளவில் ஏதோ ஒட்டியிருந்தது. அழுக்கு என்று ஊசிமுனையால் சுரண்டப் போனேன். நல்லவேளை, போட்டோ எடுத்து அண்ணாச்சிக்கு அனுப்பிக் கேட்டேன். அது அழுக்கு அல்ல, எண்ணெயைத் தேக்கி வைத்து, மேல்நூலைப் பிடிக்கும் கொக்கிக்கு ஊட்டும் சிவப்புக் கம்பளித் துண்டு. காய்ந்து கெட்டியாகியிருந்தது. இரண்டு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவப்பு வெளியே வந்தது. அதுவரை கடகடவென்று ஓடிய மெஷின் அதன்பிறகு சத்தம் அடங்கியது. பக்கத்து அறையில் மகன் தூங்கும்போதும் இப்போது தைக்கிறேன்.

குறைகளும் உண்டு. எடை, பலகையும் மூடியும் சேர்த்து, பேப்பர்க்காரர் தராசில் பதின்மூன்று கிலோவை ஒட்டி வந்தது. தினமும் பரணிலிருந்து இறக்குகிற எடை அல்ல. நான் அலமாரியின் கீழ்த்தட்டைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. கை மெஷினில் வலது கை சக்கரத்தில் இருப்பதால் இடது கை ஒன்றுதான் துணியை நடத்த வேண்டும். பிளவுஸுக்குக் கை மாட்டும்போது இன்னொரு கை இருந்தால் நன்றாக இருக்கும் என்று இப்போதும் தோன்றுகிறது. ஆரம்ப கால 99களில் பின்தையலும் கிடையாது. துணியைத் திருப்பித்தான் முடிச்சுப் போட வேண்டும். ஆனால் மின்சாரம், வோல்ட், வயர் என்ற கவலை ஒன்றும் இல்லை. பத்து வயது மகனுக்கு நான் பயமில்லாமல் கற்றுக்கொடுக்க முடிகிறது. அவன் சுற்றும் வேகத்துக்குத்தான் ஊசி இறங்கும்.

மூன்றாவதாக 28கே, அதன் தம்பி 128கே. இவையும் முக்கால் அளவுதான். வட்ட பாபினுக்குப் பதிலாகக் குச்சிபோன்ற நீள பாபின், அதைச் சுமக்கும் துப்பாக்கிக் குண்டு வடிவ ஷட்டில், அது ஊஞ்சல்போல முன்னும் பின்னும் வீசி ஆடும். பார்க்கப் பார்க்க அலுக்காது. தையலும் அழகு. ஆனால் ஷட்டிலும் பாபினும் தெருமுனைக் கடையில் கிடைக்காது. மும்பையின் பழைய பொருள் சந்தையான சோர் பஜாரில் நான் பார்த்த நான்கில் மூன்றில் ஷட்டில் இல்லை. ஷட்டிலும் குறைந்தது இரண்டு பாபினும் இருந்தால், ஒரே மெஷினாக அல்லாமல் இரண்டாவது மெஷினாக வாங்கலாம்.

நான்காவது, உஷா போன்ற நம் நாட்டு முழு அளவு மெஷினில் கைப்பிடி மாட்டி, மரப்பெட்டியோடு விற்பது. உஷா 1930களில் கொல்கத்தாவில் தொடங்கியது. பழைய உஷாக்கள் சிங்கர் 15 வகையின் அமைப்பைப் பின்பற்றியவை. ஆகையால் பாபின், பாபின் கேஸ், ஷட்டில், துணியை நகர்த்தும் பல், ஸ்பிரிங் என்று எதுவும் எந்த ஊரிலும் கிடைக்கும். எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவார். விலையும் இந்த நான்கில் குறைவு. பெட்டியில் இருப்பதால் இதையும் போர்ட்டபிள் என்று சொல்லி விற்பார்கள். தூக்கிப் பார்த்தால் தெரியும். மாதம் ஒருமுறை மட்டும் எடுத்து வைக்கிறவர், வீட்டில் தூக்கித்தர ஆள் இருக்கிறவர் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். சிறியது என்ற ஒரே தேவைக்கு மட்டும்தான் இது தோற்கிறது.

எங்கே வாங்குவது என்பது எதை வாங்குவது என்பதைவிடச் சிக்கலானது. சோர் பஜாரின் மட்டன் தெருவில் பழைய மெஷின்கள் நிறைய உண்டு. வெள்ளிக்கிழமை கடைகள் மூடியிருக்கும். ஆனால் அங்கே வருகிற மெஷின்களில் பெரும்பங்கு ஓட்டல்களுக்கும் துணிக்கடைகளுக்கும் அலங்காரமாகப் போகிறவை. அதற்கேற்பப் புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்து, தங்கப் பூ ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருப்பார்கள். திருகாணியின் தலைப் பள்ளத்துக்குள் பெயின்ட் இறங்கியிருந்தால் அது பூசியது. நகராத பாகங்களோடு நகர வேண்டிய பாகங்களிலும் பெயின்ட் ஏறியிருந்தால் தொடவே வேண்டாம். ஒரு கடையில் பளபளவென்று நின்ற மெஷினுக்கு ஒன்பதாயிரம் கேட்டார்கள். சக்கரம் அசையவில்லை. அதற்கு இரண்டு கடை தள்ளி, தூசி படிந்து, பூ பாதி அழிந்து, பெட்டியின் பூட்டு உடைந்து ஒரு 99கே கிடந்தது. சக்கரம் ஒரு விரலுக்குச் சுற்றியது. ஐயாயிரத்து ஐந்நூறுக்கு அதை எடுத்துக்கொண்டேன்.

பை ஒன்றைத் தயாராக வைத்துக்கொண்டு போவது நல்லது. அதில் இரண்டு நிற நூல், புது ஊசி ஒன்று, இரண்டாக மடித்த பருத்தித் துணி, சிறிய ஸ்க்ரூடிரைவர், ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்று. காந்தம் ஒட்டாவிட்டால் உடல் அலுமினியம். மேலே சிவப்பு நூல், பாபினில் வெள்ளை நூல் போட்டுப் பத்துத் தையல் தைத்தால் போதும். அடியில் சிவப்பு புள்ளிபுள்ளியாக எட்டிப் பார்த்தால் டென்ஷன், அதாவது நூலின் இறுக்கம், சரிசெய்யக் கூடியது. சிவப்பு கயிறாகக் கிடந்தால் நூல் ஓடும் பாதையில் எங்கோ கோளாறு. கடைக்காரர் தைத்துப் பார்க்க விடவில்லை என்றால் வந்துவிடலாம். மெஷினைப் பின்பக்கமாகச் சாய்த்து மொபைல் விளக்கைப் பிடித்துத் துரு பார்க்க வேண்டும். மேலே மின்னும் மெஷினில் பல்லும் கீழ்த்தண்டுகளும் செதில்செதிலாக உரிந்திருப்பது இந்தக் கடல் காற்றில் சகஜம். மெல்லிய பழுப்புப் படலம் துடைத்தால் போகும். நகத்தில் சிக்கும் பள்ளம் போகாது.

இறுகிப்போன சக்கரத்துக்காக மட்டும் ஒரு மெஷினைத் தள்ளிவிட வேண்டியதில்லை. நம் வீடுகளில் மெஷினுக்குத் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் இருந்தது. அது காய்ந்து பிசினாக ஒட்டிக்கொள்ளும். மண்ணெண்ணெயோ மெஷின் எண்ணெயோ ஒவ்வொரு துளையிலும் விட்டு, மறுநாள் லேசாக அசைத்து, மீண்டும் விட்டு, நான்கைந்து நாள் பொறுத்தால் பெரும்பாலானவை இளகும். பலம் போட்டுத் திருப்பினால்தான் உடையும்.

இணையத்தில் விற்பவர்களிடம் நான் ஏமாந்தேன். போட்டோவில் பாபின் கேஸ் இருந்தது, வந்த பெட்டியில் இல்லை. அதன்பிறகு சக்கரம் சுற்றும் வீடியோவும், திறந்த தகடும், வோல்ட் தகடும் கேட்காமல் பணம் அனுப்புவதில்லை. உண்மையில் நல்ல மெஷின்கள் கைமாறுவது மறுகட்டுமானத்துக்காகக் காலி செய்யும் பழைய கட்டடங்களில்தான். மாட்டுங்காவிலும் தாதரிலும் வீட்டைக் காலி செய்கிறவர்கள் பாட்டியின் மெஷினைத் தூக்கிப்போட மனமில்லாமல், யாராவது தைப்பவர் எடுத்துக்கொள்ள மாட்டாரா என்று பார்க்கிறார்கள். அங்கே எண்ணெய் டப்பாவும், கையேடும், துணியை அழுத்திப் பிடிக்கும் கூடுதல் பாதங்கள் போட்ட தகரப் பெட்டியும் சேர்ந்தே வரும். அண்ணிக்கு அவருடைய 221கே அப்படித்தான் வந்தது. கட்டட வாட்ச்மேனிடமும் சங்கத்துக்காரரிடமும் சொல்லிவைத்து மூன்று மாதம் காத்திருந்தார். பெட்டியைத் திறந்தபோது பாபின் கேஸ் உள்ளே இருந்தது. நான்கு பாபின்கள் ஒரு பழைய பவுடர் டப்பாவில் இருந்தன. கொடுத்த அம்மாள், தன் மாமியார் அதில் தைத்த ஒரு தொட்டில் துணியையும் காட்டினாராம்.

அதைத் தூக்கிக்கொண்டு அண்ணி மாட்டுங்காவிலிருந்து முலுண்டுக்கு லோக்கல் ரயிலில், பெண்கள் பெட்டியில், மடியில் வைத்தபடியே வந்துவிட்டார். நான் என் 99கேயைச் சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு நிலையத்துக்குக் கொண்டுவந்தபோதுதான் செம்பூர் வண்டிகள் ஓடும் ஹார்பர் பாதை அங்கே மாடியில் இருப்பது நினைவுக்கு வந்தது. பாதிப் படியில் ஒரு கூலித் தொழிலாளி என்னிடம் கேட்காமலே பெட்டியின் இன்னொரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். மேலே போய் இறக்கி வைத்ததும் மூடியைத் தட்டிப் பார்த்து, "சிங்கரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். தன் ஊரில் அப்பாவிடம் இதே மெஷின் இருந்தது என்றார். செம்பூர் வண்டி வந்தது. இரண்டு பேருமாகத் தூக்கி உள்ளே வைத்தோம்.